ஷாங்காயும் மும்பையும்: வளர்ந்த நாடு, வளராத பணம்

2007 டிசம்பர் முடிவில் ஷாங்காய் காம்போசிட் குறியீடு 5,261 புள்ளிகளில் நின்றது. மும்பை சென்செக்ஸ் 20,287. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2023 முடிவில், ஷாங்காய் 2,975-க்கு இறங்கியிருந்தது; சென்செக்ஸ் 72,240-க்கு ஏறியிருந்தது. இதே காலத்தில் சீனப் பொருளாதாரம் சுமார் மூன்றரை லட்சம் கோடி டாலரிலிருந்து ஏறத்தாழ ஐந்து மடங்காகப் பெருகியது. இந்தியப் பொருளாதாரம் ஒன்றேகால் லட்சம் கோடி டாலரிலிருந்து மூன்று மடங்குக்குக் கிட்டத்தில் வந்தது. வேகமாக வளர்ந்த நாட்டின் பங்குக் குறியீட்டில் நூறு ரூபாய் போட்டவருக்கு ஐம்பத்தேழு மிஞ்சியது. அதைவிட மெதுவாக வளர்ந்த நாட்டில் போட்டவருக்கு அது முந்நூற்று ஐம்பத்தாறு ஆனது.

ஆசியச் சந்தைகளில் பணம் போடப் போகிற எவரும் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது. "அந்த நாடு நன்றாக வளர்கிறது, அதனால் அங்கே பங்கு வாங்கலாம்" என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலோர் இந்த வழிக்கே வருகிறார்கள். நாட்டின் வளர்ச்சிக்கும் சிறு முதலீட்டாளரின் கைக்கும் நடுவே பல சல்லடைகள் இருக்கின்றன. ஷாங்காயையும் மும்பையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும்.

கணக்கை நேர்மையாகப் பார்க்க வேண்டுமானால் சில திருத்தங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2007 இரண்டு சந்தைகளுக்குமே மிக உயர்ந்த கட்டம். ஷாங்காய் அந்த அக்டோபர் 16-இல் 6,124-ஐத் தொட்டது. சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டியது. பிறகு இரண்டுமே சரிந்தன. ஆகவே ஒருவருக்குச் சாதகமாகத் தேதியைப் பொறுக்கி எடுத்த ஒப்பீடு இல்லை இது. ஆனால் ரூபாய் தேய்ந்ததைக் கழிக்க வேண்டும். 2007 முடிவில் ஒரு டாலருக்கு 39 ரூபாய் சொச்சம். 2023 முடிவில் 83. யுவான் பெரிதாக நகரவில்லை. டாலரில் மாற்றிப் பார்த்தால் சென்செக்ஸின் லாபம் பதினாறு ஆண்டுகளுக்கும் சேர்த்து எழுபது விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழேதான். டிவிடெண்டு இரு பக்கமும் இதில் சேரவில்லை. இத்தனையும் கழித்த பிறகும் ஷாங்காய் நட்டத்தில்தான் நிற்கிறது.

இரண்டு சந்தைகளும் பிறந்த விதமே வேறு. மும்பைப் பங்குச்சந்தை 1875-இல் தரகர்கள் தங்களுக்குள் கூடி அமைத்துக்கொண்டது. அதில் பட்டியலிட்டவை பெரும்பாலும் குடும்பங்கள் நடத்திய தனியார் நிறுவனங்கள். ஷாங்காய்ச் சந்தை 1990 டிசம்பர் 19-இல், கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ், அரசின் முடிவால் திறக்கப்பட்டது. அரசு நிறுவனங்களுக்கு மூலதனம் திரட்டித் தருவதே அதன் தலையாய வேலை. 2005-இல் சீர்திருத்தம் வரும்வரை அங்கே பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விற்பனைக்கே வராமல் அரசிடமும் அரசு சார்ந்த அமைப்புகளிடமும் முடங்கிக் கிடந்தது. மீதியை வைத்துக்கொண்டு மக்கள் தங்களுக்குள் விலை பேசிக்கொண்டார்கள். நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் பலம் அந்த மீதிக்குக் கிடையாது. மும்பையிலும் குடும்ப முதலாளிகளைக் கேள்வி கேட்பது எளிதாக இருந்ததில்லை. ஆனால் அந்த முதலாளியின் சொந்தச் சொத்தும் அதே பங்கில்தான் இருந்தது. விலை ஏறினால் அவருக்கும் லாபம். அரசு நிறுவனத்தின் மேலாளருக்கோ பங்கு விலையைவிடக் கட்சியில் கிடைக்கும் அடுத்த பதவி முக்கியம். என் பார்வையில் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பாதிக் கதை தொடங்கிவிடுகிறது.

ஒரே பருவத்தில் வந்த இரண்டு புதிய வெளியீடுகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

2007 நவம்பர் 5-இல் சீன அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோசைனா ஷாங்காயில் பட்டியலானது. வெளியீட்டு விலை 16.70 யுவான். முதல் வணிகமே 48.60-இல் நடந்தது. காகிதக் கணக்கில் அன்றைக்கு அது ஒரு லட்சம் கோடி டாலர் மதிப்பைத் தாண்டிய உலகின் முதல் நிறுவனம். அந்த மதிப்பு எப்படி வந்தது? நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் சுமார் இரண்டு விழுக்காடு மட்டுமே ஷாங்காயில் வெளியிடப்பட்டது. அந்தக் கொஞ்சப் பங்குகளுக்கு நாடே போட்டி போட, அதில் விளைந்த விலையை மொத்தத்தோடு பெருக்கினார்கள். இதே நிறுவனத்தின் பங்குகளை ஹாங்காங்கில் மிகக் குறைந்த விலையில் வாங்கி வைத்திருந்த வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே, சுமார் 49 கோடி டாலர் முதலீட்டை 400 கோடி டாலராக்கிக்கொண்டு அதே 2007-இல் முழுவதையும் விற்று வெளியேறியிருந்தது. ஷாங்காயின் சிறு முதலீட்டாளர் உள்ளே நுழைந்தது அதற்குப் பிறகுதான். 48 யுவான் கொடுத்தவர்கள் அந்த விலையை மறுபடி கண்ணால் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, 2008 ஜனவரியில், மும்பையில் ரிலையன்ஸ் பவர். கையில் இருந்தவை மின்திட்டங்கள், உற்பத்தி இனிமேல்தான். விலை 450 ரூபாய், சிறு முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. வெளியீட்டு அளவைப் போல் எழுபது மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. பிப்ரவரி 11-இல் பட்டியலானபோது முதல் நாளே 372 ரூபாய்க்கு வந்து முடிந்தது. 2020 மார்ச்சில் அந்தப் பங்கு ஒரு ரூபாய் அளவுக்குப் போனது.

ஆக, ஆசையிலும் ஏமாற்றத்திலும் இரு ஊர்களுக்கும் பேதமில்லை. பேதம் அதற்குப் பிறகு. ஷாங்காய் காம்போசிட்டில் அங்கே பட்டியலான எல்லாப் பங்குகளும் இடம்பெற்றன. எடையும் சந்தைக்கு வராத பங்குகளையும் சேர்த்தே போடப்பட்டது. புதிதாக வந்த பங்கைப் பதினோராவது வணிக நாளில் குறியீட்டில் சேர்க்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் பெட்ரோசைனா உச்ச விலைக்கு அருகிலேயே மிகப் பெரிய எடையோடு குறியீட்டுக்குள் வந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் அதைக் கீழே இழுத்தது. 2020-இல்தான் இந்த விதியைத் திருத்தினார்கள். சென்செக்ஸ் முப்பது பங்குகள் கொண்டது; 2003-இலிருந்து சந்தையில் உண்மையாகவே கைமாறக்கூடிய பங்குகளை மட்டும் வைத்து எடை போடுகிறது; தேய்கிற நிறுவனத்தை வெளியே எடுத்துவிட்டு வளர்கிறதைச் சேர்க்கிறது. ஆகவே நாம் முதலில் பார்த்த இடைவெளியில் ஒரு பகுதி சந்தையின் தரம், ஒரு பகுதி அளவுகோலின் குணம். குறியீட்டு ஃபண்டில் பணம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் வாங்குவது ஒரு நாட்டை இல்லை, ஒரு குழு எழுதி வைத்த விதிகளை.

அடுத்த சல்லடை அரசின் கை. 2015 ஏப்ரலில் ஷாங்காய் குறியீடு 4,000-ஐத் தாண்டியபோது, கட்சியின் அதிகாரபூர்வ நாளேடான மக்கள் நாளிதழின் இணையதளம் இது ஏற்றத்தின் தொடக்கம்தான் என்று எழுதியது. அரசே சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் ஏராளம். ஜூன் நடுவில் தரகு நிறுவனங்கள் கொடுத்திருந்த கடன் மட்டும் 2.2 லட்சம் கோடி யுவானைத் தாண்டியிருந்தது. ஜூன் 12-இல் 5,166. அடுத்த நான்கு வாரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அப்போது அரசு என்ன செய்தது என்பதைப் பாருங்கள். புதிய வெளியீடுகளை நிறுத்தியது. ஒரு நிறுவனத்தின் பங்கில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு விற்கக் கூடாது என்றது. அரசு நிதியங்களை வாங்கச் சொல்லி இறக்கிவிட்டது. சீனச் சந்தைகளின் ஏறத்தாழ சரிபாதி நிறுவனங்கள், சுமார் 1,400, தங்கள் பங்கின் வணிகத்தைத் தாங்களே நிறுத்தி வைத்துக்கொண்டன. கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்கிறார், கையிலிருக்கும் பங்கை விற்க வழியில்லை. சிறு முதலீட்டாளருக்கு இதைவிடக் கொடுமையான நிலை வேண்டியதில்லை.

ஷாங்காயின் தரகு அலுவலகக் கூடங்களில் ஓய்வுபெற்ற ஆண்களும் பெண்களும் தேநீர்க் குடுவையோடு காலையிலேயே வந்து பலகைக்கு முன் உட்கார்ந்துகொள்வது நெடுநாள் வழக்கம். அங்கே ஏற்றத்துக்குச் சிவப்பு, இறக்கத்துக்குப் பச்சை. 2016 ஜனவரி 7 காலை அந்தப் பலகை முழுக்கப் பச்சையானது. குறியீடு 5 விழுக்காடு விழுந்தால் கால் மணி நேர நிறுத்தம், 7 விழுக்காடு விழுந்தால் அன்றைய சந்தை மூடல் என்ற விதி அந்த வாரம்தான் அமலுக்கு வந்திருந்தது. நிறுத்தத்துக்கு முன்பே விற்றுவிட எல்லோரும் முண்டியடித்தார்கள்; நிறுத்தம் முடிந்ததும் மறுபடி முண்டியடித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் நாள் முடிந்துவிட்டது. மறுநாளே அந்த விதியைக் கைவிட்டார்கள். காப்பாற்றுவதற்கென்று போட்ட விதியே கூட்டத்தை வாசலுக்குத் தள்ளியது.

இந்தியாவில் அரசின் கை இல்லாமல் இல்லை. அரசு நிறுவனப் பங்குகளை விற்க வேண்டியபோது எல்ஐசி வாங்கிக் கைகொடுத்தது பலமுறை நடந்திருக்கிறது. அந்த எல்ஐசியின் பங்கே 2022 மே மாதம் 949 ரூபாய்க்கு வெளியானது. பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி தந்தார்கள். தமிழ்நாட்டில் பாலிசி இருந்த எத்தனையோ வீடுகளில் முதல் டீமேட் கணக்கு அதற்காகவே திறக்கப்பட்டது. அந்தப் பங்கு முதல் நாளே வெளியீட்டு விலைக்குக் கீழே போனது. ஆனாலும், விற்க நினைத்தவர் அன்றைக்கே விற்க முடிந்தது. இந்தச் சுதந்திரத்தின் மதிப்பு சரிவு நாளில்தான் தெரியும்.

நுழைவு வாசலிலும் வேறுபாடு உண்டு. ஷாங்காயில் ஒருவர் குறைந்தது நூறு பங்குகள் வாங்க வேண்டும். அங்கே கடந்த இருபது ஆண்டுகளில் முதலீட்டாளருக்கு உண்மையாகவே செல்வம் கொடுத்த பங்குகளில் ஒன்று மாவ்தாய் மதுபான நிறுவனம். 2001-இல் 31.39 யுவானுக்கு வெளியான அது 2021 பிப்ரவரியில் 2,600 யுவானைத் தாண்டியது. அந்த நேரத்தில் நூறு பங்கு வாங்க இரண்டு லட்சத்து அறுபதாயிரம் யுவான் தேவை, அன்றைய மதிப்பில் இருபத்தைந்து லட்ச ரூபாய்க்கு மேல். சாதாரணச் சம்பளக்காரரால் தொட முடியாது. நம் பக்கம், திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்ஆர்எஃப்பின் ஒரு பங்கு 2023 ஜூன் 13-இல் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. விலை கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு பங்கு வாங்க எந்தத் தடையும் இல்லை. அதுவும் முடியாதவர் ஃபண்டு வழியே ஐந்நூறு ரூபாயில் அதன் துளியை வாங்கிக்கொள்ளலாம்.

மும்பைச் சந்தையைத் தூக்கி நிறுத்தியதில் அந்த ஐந்நூறு ரூபாய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது. சீனச் சந்தையில் அன்றாட வணிகத்தின் பெரும்பகுதியைத் தனிநபர்களே செய்கிறார்கள். அதுவும் குறுகிய காலத்துக்கு வாங்கி விற்பதாக. இந்தியாவில் ஃபண்டுகளின் மாதத் தவணைத் திட்டமான எஸ்ஐபி வழியாக வருகிற பணம் 2024 ஏப்ரலில் 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த அக்டோபரில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளை ஏறத்தாழ 94,000 கோடி ரூபாய்க்கு விற்றுத் தள்ளினார்கள். உள்நாட்டு நிறுவனங்கள் அதைவிடக் கூடுதலாக வாங்கின. சம்பளம் வந்த வாரத்தில் தானாகக் கழிகிற பணம் சந்தையைத் தாங்கிப் பிடித்தது.

ஆனால் இந்தப் பொறுமையான பணத்தை யார் யார் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். அதே அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்றது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற நிறுவனம் என்பதால் நம் ஊரிலும் அதற்குத் தனி ஈர்ப்பு இருந்தது. அந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. முழுக்க முழுக்கக் கொரியத் தாய் நிறுவனம் தன் பங்கை விற்ற வெளியீடு அது. சட்டப்படி எல்லாமே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆயினும், ஆலை விரிவாக்கத்துக்குப் பணம் தருகிறோம் என்று நினைத்து விண்ணப்பித்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அரசு நிறுவனங்களுக்குப் பணம் திரட்டித் தரும் இயந்திரமாக ஷாங்காய் இருந்தது என்றால், பழைய உரிமையாளர்கள் நல்ல விலையில் வெளியேறும் வாசலாக மும்பை ஆகிக்கொண்டிருக்கிறது என்ற கவலை எனக்கு உண்டு.

சில இடங்களில் சீனா நம்மைவிட நன்றாகவே செய்திருக்கிறது. கங்மெய் என்ற மருந்து நிறுவனம் பல ஆயிரம் கோடி யுவான் ரொக்கம் இருப்பதாகப் பொய்க் கணக்கு எழுதிப் பிடிபட்டது. 2021 நவம்பரில் குவாங்சோ நீதிமன்றம் 52,037 முதலீட்டாளர்களுக்கு 245.9 கோடி யுவான் இழப்பீடு தரத் தீர்ப்பளித்தது. தலைவருக்குச் சிறை. பெயருக்கு உட்கார்ந்திருந்த சுயேச்சை இயக்குநர்கள்கூடத் தொகையில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாக்கப்பட்டார்கள். நம் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் கதையை இதன் பக்கத்தில் வையுங்கள். பொய்க் கணக்கு எழுதியதாக அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதம் 2009 ஜனவரி 7-இல் வெளியானது. 179 ரூபாயில் இருந்த பங்கு அன்றே 40-க்கு வந்தது. அமெரிக்காவில் சத்யம் பங்குகளை வைத்திருந்தவர்கள் கூட்டு வழக்கு போட்டு 12.5 கோடி டாலர் பெற்றார்கள். அதே பங்கை இங்கே வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு தொகை கிடைக்கவில்லை. 2013 நிறுவனச் சட்டத்தின் 245-ஆவது பிரிவு கூட்டு வழக்குக்கு வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் நடப்பவர்கள் மிக அரிது.

வரியிலும் அவர்களுக்கு வசதி. ஷாங்காயில் தனிநபர் பங்கு விற்று ஈட்டும் லாபத்துக்கு வரி இல்லை. விற்கும்போது முத்திரைத் தீர்வை மட்டும், அதையும் 2023 ஆகஸ்டில் பாதியாகக் குறைத்தார்கள். இங்கே ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தாலும் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 விழுக்காடு.

எனக்கு மிகவும் வலிக்கிற ஒப்பீடு எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம். சீனாவில் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் பக்கம் போக ஐந்து லட்சம் யுவான் காட்ட வேண்டும். புதிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான ஸ்டார் சந்தைக்கும் அதே தொகையோடு இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். இந்தியாவில் கைப்பேசியில் சில தட்டல் போதும். சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டார்கள். எல்லோருடைய நிகர நட்டமும் சேர்த்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சென்செக்ஸ் புது உச்சங்களைத் தொட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இவ்வளவு பணம் தனிநபர்களின் கையைவிட்டுப் போயிருக்கிறது. சந்தை ஏறியது என்பதால் சந்தைக்கு வந்தவர்கள் ஏறினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி ஷாங்காய் மீண்டெழும், இப்போது மலிவாக இருக்கிறது, அங்கே கொஞ்சம் போடலாமா என்று கேட்பவர்களுக்கு. மலிவாக இருந்தது உண்மை. 2024 செப்டம்பர் இறுதியில் அரசு ஊக்கம் அறிவித்ததும் ஒரே வாரத்தில் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. 2025 ஆகஸ்டில் பத்தாண்டு உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டில் மும்பையை முந்தியது ஷாங்காய்தான். அப்போதும் 2007-இன் 6,124 தொலைவில்தான் இருந்தது. இங்கிருந்து போக நினைப்பவருக்கு இன்னொரு செய்தி: இந்திய ஃபண்டுகள் வழியாகக் கிடைக்கிற சீனா பெரும்பாலும் ஹாங்காங்கில் பட்டியலான தொழில்நுட்ப நிறுவனங்கள். அவற்றின் அபாயம் வேறு வகை. 2020 நவம்பரில் இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான ஆன்ட்டின் மாபெரும் வெளியீட்டைப் பட்டியலாவதற்கு இரண்டே நாள் முன்பு அரசு நிறுத்தியது. மறு ஆண்டு ஜூலையில் தனிப்பயிற்சி நிறுவனங்கள் பள்ளிப் பாடங்களில் லாபம் ஈட்டக் கூடாது என்ற ஓர் ஆணையால் ஒரு தொழிலே படுத்தது. இந்திய ஃபண்டுகளின் வெளிநாட்டு முதலீட்டுக்கு மொத்தமாக 700 கோடி டாலர் வரம்பு இருப்பதால், 2022-இல் பல ஃபண்டுகள் புதுப் பணம் வாங்குவதையே நிறுத்தவும் நேர்ந்தது.

என் தீர்ப்பு மும்பையின் பக்கம். நாட்டுப்பற்றால் சொல்லவில்லை. விற்க நினைத்த நாளில் விற்க முடிவது, ஒரு பங்குகூட வாங்க முடிவது, வெளியீட்டுக்கு விண்ணப்பித்த பணம் ஒதுக்கீடு வரும்வரை நம் வங்கிக் கணக்கிலேயே இருப்பது, தேய்ந்த நிறுவனம் குறியீட்டைவிட்டு வெளியேறுவது ஆகிய நான்கும் சிறு முதலீட்டாளருக்கு இங்கே கிடைத்திருக்கின்றன. சீனாவில் போடுவதானால், மொத்த முதலீட்டில் பத்தில் ஒன்றைத் தாண்டாமல், பத்தாண்டு தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள்.

செபிக்கு ஒரு வேண்டுகோள். எஃப் அண்ட் ஓ வாசலில் வருமானமும் அனுபவமும் பார்க்கும் ஒரு தடுப்பை வையுங்கள். கணக்கு மோசடியில் இழந்தவருக்கு வழக்கறிஞர் தேடி அலையாமல் இழப்பீடு கிடைக்க வழி செய்யுங்கள். கங்மெய் வழக்கில் அரசு சார்ந்த முதலீட்டாளர் பாதுகாப்பு அமைப்பு ஒன்றே முன்நின்று வாதாடியது. வாசகருக்கும் ஒன்று. அடுத்த புதிய வெளியீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் அதன் விளக்க ஏட்டில், திரட்டும் தொகையில் எவ்வளவு நிறுவனத்துக்குப் போகிறது, எவ்வளவு பழைய பங்குதாரருக்குப் போகிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். முதல் சில பக்கங்களுக்குள்ளேயே அது இருக்கும்.